நாய்க்குட்டியும் ஆறு வயசுக் குழந்தையும்

"பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும்னுதான் நாய்க்குட்டி வாங்கினோம்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை தன் டிஃபன் பாக்ஸையே பாதி நாள் பள்ளியில் விட்டுவிட்டு வரும். அதன் கையில் ஓர் உயிரை ஒப்படைத்துவிட்டு, மூன்றாவது வாரம் "நீதானே கேட்டே, நீயே பாரு" என்று கத்தி என்ன பயன்? சாப்பாடு, தடுப்பூசி, பூச்சி மருந்து, ராத்திரி எழுந்து வெளியே கூட்டிப்போவது எல்லாம் பெரியவர்கள் வேலை. எந்த நேரத்தில் குட்டியைத் தொடக்கூடாது என்பதுதான் பிள்ளைக்கு முதல் பாடம்.

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பல வீடுகளில் தூங்கவே விடுவதில்லை. பள்ளி விட்டு வந்ததும் எழுப்பியாகிவிடும், பின்னாலேயே பக்கத்து வீட்டு வாண்டுகள் வேறு. சாயங்காலம் ஆறு மணிக்குக் குட்டி தலைகால் புரியாமல் ஓடி, பாவாடை நுனியைக் கவ்வி இழுக்கும். "ரொம்ப சேட்டை" என்பார்கள். தூக்கம் கெட்ட கைக்குழந்தை சிணுங்குமே, பெரும்பாலும் அந்தக் கதைதான். சுவரோரமாகப் பழைய போர்வையை விரித்து, சுற்றிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிள்ளையே போடட்டும். குட்டி கோட்டுக்குள் இருந்தால் அப்பா உட்பட யாரும் கை நீட்டக்கூடாது. தான் போட்ட கோடு என்பதால் நாலு வயசுப் பிள்ளைகூடக் காவல் காக்கும். ஊரிலிருந்து வந்த மாமா மீறினால் அவருக்கும் அதட்டு விழும்.

அடுத்தது தூக்குவது. சின்னப் பிள்ளைகள் முன்னங்கால் இரண்டையும் பிடித்துத்தான் தூக்குவார்கள். பின்பாகம் தொங்கும், குட்டி பயந்து துள்ளும், கை நழுவும். சின்ன இனக் குட்டிகளுக்கு சோஃபா உயரத்திலிருந்து விழுந்தாலே முன்னங்கால் எலும்பு முறியலாம். எட்டு வயது வரை நின்றுகொண்டு தூக்கவே வேண்டாம். பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்காரட்டும். பெரியவர் ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைப் பின்பாகத்துக்கு அடியிலும் கொடுத்து மடியில் விடுங்கள். இறங்க நினைத்தால் இறங்கட்டும், பிடித்து வைக்கக் கூடாது.

தடவுவதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. நெஞ்சையோ முதுகின் பக்கவாட்டையோ தடவிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணி, கையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். குட்டி ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு மூணு. முகத்தைத் திருப்பினாலோ, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, உடம்பை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றாலோ அதற்குப் போதும் என்று அர்த்தம். உறுமினால் பிள்ளை மெதுவாக விலகட்டும். குட்டியை மட்டும் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடிவாங்கிய நாய் நாளைக்கு உறுமாமலே கடிக்கும்.

கவ்வுவதை எடுத்துக்கொள்வோம். குட்டிக்கு 28 பால் பற்கள், ஊசி மாதிரி இருக்கும். ஏறக்குறைய நாலாவது மாதம் விழ ஆரம்பிக்கும், ஆறேழு மாதம் வரை ஈறு ஊறும். கவ்வியதும் பிள்ளை கத்திக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது துரத்திப் பிடிக்கிற ஆட்டம், இன்னும் வேகமாக வரும். கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். சலித்துப்போய் விட்டுவிடும். பழைய துண்டில் நாலைந்து முடிச்சுப் போட்டு, நனைத்து, ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். நூல் பிரிந்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும்.

குட்டி சாப்பிடும்போது தட்டில் கையை விட்டு "பழக்கும்" வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். யாரோ வந்து பிடுங்குவார்கள் என்ற பயத்தைத்தான் அது வளர்க்கும். பெரியவர் பக்கத்தில் இருக்க, பிள்ளை இரண்டடி தள்ளி நின்று ஒரு துண்டு வேகவைத்த கோழியைத் தட்டை நோக்கிப் போட்டுவிட்டு நகரட்டும். ஆள் வந்தால் நல்லது வரும் என்று குட்டி புரிந்துகொள்ளும். மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. பால் சோறும் பிஸ்கட்டும்தான் நம் வீடுகளில் கண்ட வழி. பசும்பாலால் நிறைய குட்டிகளுக்குப் பேதியாகும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் கிருமியும் பேதியில்தான் காட்டும் என்பதால், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு நாள் தள்ளிப்போட்டாலே ஆபத்து. குட்டிக்குத் தரவே கூடாத வெங்காயம், சாக்லேட், திராட்சை, வெந்த எலும்பு நான்கையும் படம் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் காலையும் மாலையும் கழுவி நிரப்புவதைப் பிள்ளையிடமே விடலாம்.

ஒற்றன் வேலையும் அவர்களுக்குப் பிடிக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும், ஆட்டம் முடிந்ததும் குட்டி மலஜலம் கழிக்க இடம் தேடித் தரையை மோந்துகொண்டு வட்டமடிக்கும். பார்த்ததும் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அள்ளுவது பெரியவர் பாடு. குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், அதனால் அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தொட்டு விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. பல் பட்டால் பிள்ளைகள் மறைப்பார்கள். திட்டு விழும், அல்லது குட்டியை எங்காவது விட்டுவிடுவார்கள் என்று முழுக்கைச் சட்டைக்குள் கீறலை ஒளித்துக்கொள்வார்கள். குட்டிக்கு ரேபிஸ் ஊசியே மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், அதுவரை அதற்குப் பாதுகாப்பு இல்லை. "சொன்னா திட்ட மாட்டோம், குட்டியையும் அனுப்ப மாட்டோம்" என்று முதல் நாளே சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். சின்னக் கீறலானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) பற்றியும் கேளுங்கள். தோலில் போடும் ஊசிக்கு முதல் நாளை 0 என்று கணக்கு வைத்து, 0, 3, 7, 28 என்று தேதி குறித்துத் தருவார்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய. 28-ஆம் நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.