எங்க அப்பாவை யாரும் 'கட்' பண்ண வேண்டாம்

எங்க அபார்ட்மெண்ட் குரூப்ல ஒரு அம்மா எனக்கு 'எனர்ஜி ஹீலிங்' விக்கப் பார்த்த அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்த நிறைய பேர் இன்பாக்ஸ்ல வந்து "விடு, கண்டுக்காத"ன்னு சொன்னீங்க. விட்டுத்தான் பார்த்தேன், முடியல. பண்டிகை நாளும் அதுவுமா இது எதுக்குன்னு நெனைக்கிறவங்க இத்தோட நகர்ந்துடலாம், தப்பா எடுத்துக்க மாட்டேன்.

நான் அபார்ட்மெண்ட் குரூப்ல போட்டது ஒத்தை வரி. இந்த வருஷம் எங்க வீட்ல தீபாவளி இல்லை, பிள்ளைங்களை மட்டும் வெடி போட கீழ அனுப்புறேன், சாப்பாட்டுக் கணக்குல எங்களைச் சேர்க்காதீங்கன்னு. ஏன் இல்லைன்னு எங்க பிளாக்ல தெரியாதவங்க கிடையாது. ஆடி மாசம் அப்பாவை எடுத்தப்போ லிஃப்ட் ஓடல. படியில தூக்கிட்டு வந்தவங்களே அவங்கதான்.

அதுக்கு வந்த பதில்தான் நீங்க பார்த்தது. "சிஸ், உங்க ஃபிளாட்ல ஹெவி எனர்ஜி தேங்கி நிக்குது. அப்பாவோட கார்டு இன்னும் கட் ஆகல. தீபாவளி அமாவாசைக்குள்ள கட் பண்ணிட்டா லட்சுமி கடாட்சம் தானா வரும்." கார்டுன்னா செத்தவங்களோட நம்மளைக் கட்டி வெச்சிருக்கிறதா இவங்க சொல்ற கண்ணுக்குத் தெரியாத கயிறு. கூடவே ஒரு போஸ்டர். டிஸ்டன்ட் ஹீலிங் (தூரத்துல இருந்தே குணப்படுத்துறது), ஆரா கிளென்சிங் (உடம்பைச் சுத்தி இருக்கிறதா சொல்ற ஒளியைச் சுத்தம் பண்றது), கார்டு கட்டிங், மூணும் சேர்த்துப் பண்டிகைச் சலுகை 3,333 ரூபாய். போட்டோ அனுப்பினாப் போதுமாம், நேர்ல வர வேணாமாம். ஜிபே நம்பர் கொட்டை எழுத்துல.

அப்பா செத்து மூணு மாசம்தான் ஆகுது. நான் சோகமா இருக்கேன். இதுல குணப்படுத்த என்ன இருக்கு? முதல் வருஷம் வீட்ல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம், புதுத்துணி எடுக்க மாட்டோம். அது தலைமுறை தலைமுறையா இருக்கிற வழக்கம். "அழணும்னா அழு, ஊர் சந்தோஷமா இருக்குங்கிறதுக்காக நீயும் சிரிக்கணும்னு இல்லை"ன்னு ஊரே கொடுக்கிற அனுமதி அது. அதைப் போய் நெகட்டிவ் எனர்ஜின்னு பேர் வெச்சு ரேட் போட்டா கோவம் வராதா?

"மனசுக்கு நிம்மதி கிடைக்குது, உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. கிடைக்கும். ஒருத்தர் உங்களை அமைதியான ரூம்ல படுக்க வெச்சு, போனை வாங்கி ஓரமா வெச்சு, ஒரு மணி நேரம் அன்பாப் பேசினா யாருக்குத்தான் நிம்மதி கிடைக்காது? எனக்கே வேணும். அதை "ஒரு மணி நேரம் பேச்சுத்துணை, இவ்ளோ ரூபா"ன்னு போட்டா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முதல்ல உன் வீட்ல என்னமோ இருக்குன்னு பயமுறுத்திட்டு, அப்புறம் அதை எடுக்கக் காசு கேட்டா அதுக்குப் பேர் நிம்மதி இல்லை.

"ஆயிரமாயிரம் வருஷப் பாரம்பரியம்"னு இன்னொருத்தர் கீழ வந்து வக்காலத்து. கையை வெச்சு எனர்ஜி பாய்ச்சுறதா சொல்ற ரெய்கியை மிக்காவோ உசுயி ஜப்பான்ல ஆரம்பிச்சது 1922-ல. தொடாமலே எனர்ஜியைச் சரி பண்றதா சொல்ற பிராணிக் ஹீலிங்கை முறைப்படுத்தினவர் சோவா கோக் சுயி, பிலிப்பைன்ஸ்காரர், படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங், அவரோட முதல் புத்தகம் வந்தது 1987-ல. என் அண்ணன் அதுக்கு முன்னாடியே பொறந்துட்டான். புதுசா இருக்கிறது குத்தம் இல்லை, ஆனா எங்க பாட்டன் பூட்டன் தலையில கொண்டு வந்து கட்டாதீங்க.

வேலை செய்யுதான்னு யாராவது பார்த்தாங்களான்னு கேட்டா, ஒரு சின்னப் பொண்ணு பார்த்தா. அமெரிக்காவுல எமிலி ரோசான்னு ஒரு நாலாங்கிளாஸ் குழந்தை. உடம்பைத் தொடாமலே எனர்ஜியைக் கையால உணர முடியும்னு சொன்ன 21 பேரை அட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையை நீட்ட வெச்சா. இவ காசைச் சுண்டிப் போட்டு, அவங்களோட ரெண்டு கையில எதுக்குப் பக்கத்துல தன் கையைக் கொண்டு போனான்னு அவங்க சொல்லணும். 280 தடவையில சரியாச் சொன்னது 123. கண்ணை மூடிக்கிட்டு உத்தேசமாச் சொல்லியிருந்தாக்கூட பாதிக்குப் பாதி வந்திருக்கும். 1998-ல பெரிய மருத்துவ இதழ்லயே அச்சாச்சு. அந்த 21 பேர் பண்ணது தெரபியூட்டிக் டச்ங்கிற முறை, நாங்க பண்றது வேறன்னு உடனே ஆரம்பிப்பீங்க. சரி, வேறயாவே இருக்கட்டும். பக்கத்துல இருக்கிற கையே தெரியலங்கிறப்போ, போட்டோவுல எங்க வீட்டு இருட்டு எப்படிங்க தெரியுது?

இனிதான் விஷயம். அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். தெரிஞ்சவங்க ஒரு ஹீலர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வாழ்க்கையில இனிப்பு இல்லாதவங்களுக்குத்தான் சுகர் வரும்னு அவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்து, "கேட்டியா, எல்லாம் உன்னாலதானாம்"னு அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். நாங்களும் சிரிச்சோம். மாத்திரை எல்லாம் எனர்ஜியை பிளாக் பண்ணும்னும் அந்த ஆள் சொல்லியிருக்கார். அதை மட்டும் அப்பா எங்ககிட்ட சொல்லல. கால் கட்டைவிரல் புண்ணு ஆறாம ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் மாத்திரையைப் பாதி நாள் போடவே இல்லைன்னு தெரிஞ்சது. அப்பா போனதுக்கு அதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், கிட்னி தனிக்கதை. ஆனா அந்த விரல் போச்சு. சுகரைக் குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954-லயே சட்டம் போட்டிருக்காங்க, மந்திரம் தாயத்து உள்பட. யார் போய் கேஸ் கொடுக்கிறது?

"உங்க பாட்டி திருஷ்டி சுத்தினா பாசம், நாங்க செஞ்சா ஏமாத்தா?"ன்னு ஒரு கேள்வி வரும்னு தெரியும். ஆமா, எங்க பாட்டி சுத்தினா. கல்லுப்பு, காஞ்ச மிளகா, முச்சந்தி மண்ணு. நெடி வரலைன்னா "பாத்தியா எவ்ளோ கண்ணு"ம்பா. எனக்கு அதுல நம்பிக்கை உண்டான்னு கேட்டா, இல்லை. பாட்டிமேல இருந்தது. எந்தப் பாட்டியும் ராத்திரி பதினொரு மணிக்கு இருநூறு பேர் இருக்கிற குரூப்ல வந்து "உன்மேல கண்ணு இருக்கு, 3,333 அனுப்பு"ன்னு சொன்னதில்லை. ரெண்டும் ஒண்ணுன்னு தோணுறவங்ககிட்ட பேச எனக்குத் தெம்பு இல்லை.

அப்புறம் அந்த "அமாவாசைக்குள்ள". அப்பாவுக்கு ஊர் மாயவரம். ஐப்பசி பூரா துலாக்கட்டத்துல காவிரி முழுக்கு. எல்லாரும் கொண்டுபோய்ப் போட்ட பாவத்தைக் கழிக்க கங்கையே அங்க வந்து குளிக்கிறதா ஐதீகம். கடைசி நாள் கடைமுகம். அன்னிக்கும் வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக, கார்த்திகை முதல் நாள் குளிச்சாலும் அதே புண்ணியம்னு சாமி வரம் கொடுத்துச்சாம். இன்னிக்கும் அந்த நாளுக்கு முடவன் முழுக்குன்னுதான் பேர். அப்பாவுக்கு அந்தக் கதைன்னா அவ்ளோ பிடிக்கும். விரல் போனப்புறம் தன்னையே சொல்லிச் சிரிப்பார், "எனக்குன்னு ஒரு நாள் போட்டு வெச்சிருக்கான்"னு. சாமியே லேட்டா வந்தவனுக்கு ஒரு நாள் தள்ளிக் கொடுத்திருக்கு. இவங்க ஆஃபர் மட்டும் அமாவாசையோட முடிஞ்சுடுமாம்.

நம்பிக்கையைப் புண்படுத்துறேன்னு ஆரம்பிக்காதீங்க. என்னைப் புண்படுத்தினது உங்க கணக்குல வராதா?

உண்மையா எனக்கு அந்தம்மாமேலகூட அவ்ளோ கோவம் இல்லை, அவங்க பொழப்பு. அந்த மெசேஜுக்கு கைகூப்பி எமோஜி போட்ட பதினாலு பேர்மேலதான். அதுல நாலு பேர் எங்கப்பாவைத் தோள்ல தூக்கினவங்க. தினம் பார்க்கில உங்க பசங்களுக்குக் கிரிக்கெட் அம்பயரா நின்ன மனுஷன். அவரோட கயித்தை அறுக்கணும்னா உங்களுக்கு எப்படி கைகூப்பத் தோணுச்சு? ஒருத்தராவது "ஏம்மா, இப்ப போய் இதை அவங்ககிட்ட சொல்றியே"ன்னு கேட்டிருக்கலாம். மூணாவது மாடி அக்கா எமோஜியும் போடல, ஒண்ணும் போடல. சாயந்திரம் ஒரு தூக்குல முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்து, "நீங்க எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டீங்கள்ல, பிள்ளைங்களுக்கு"ன்னு வெச்சுட்டு, அம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாங்க. ஹீலிங்னு ஒண்ணு வேணும்னா அதை எழுதிக்கங்க.

குரூப்பை விட்டு நான் போகப் போறதில்லை. மெயின்டனன்ஸ் கட்டுறேன், தண்ணி லாரி எப்ப வரும்னு அங்கதான் போடுறாங்க. போஸ்டரை எடுக்கச் சொல்லி அட்மின்கிட்ட கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்லை, ப்ளூ டிக் மட்டும் இருக்கு. இங்க கமெண்ட்ல "பாசிட்டிவா இருங்க மேம்"னு வர்றவங்களை பிளாக் பண்ணிடுவேன், முன்னாடியே சொல்லிட்டேன்.