ஐந்து வருடம் கண்முன்னே வளர்ந்த பிள்ளைக்கு வகுப்பறை இல்லையாம்

"இம்முறை எதிர்பார்க்காத அளவுக்கு விண்ணப்பங்கள் வந்துவிட்டன."

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள எங்கள் பாடசாலையில் தரம் 1 அனுமதி பற்றிப் பேசக் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில், கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி வாய் கூசாமல் சொன்னது இது. கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எதை ஐயா எதிர்பார்க்கவில்லை?

ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்த பிள்ளைதான் தரம் 1க்கு வரலாம். அந்தப் பிள்ளை பிறந்ததும் பதிவாளர் பதிந்துவிட்டார். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்தார். கிளினிக்கில் நிறை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பிறகு முன்பள்ளி இடாப்பிலும் பெயர் ஏறியது. இத்தனை புத்தகங்களில் எழுதி வைத்த பிள்ளை, பாடசாலை வாசலுக்கு வந்ததும் வானத்திலிருந்து குதித்ததாகிவிடுமா?

கூட்டம் நடந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது இப்போது மண்டபம் இல்லை, இரண்டு வகுப்பறைகள். நடுவில் ஆளுயரப் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தரம் 3 ஏழாம் வாய்ப்பாடு சொல்லும். அந்தப் பக்கம் தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள் செய்யும். இரண்டு ஆசிரியைகளும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாய் திறந்து படிப்பிக்கும் நேரத்தில் மற்றவர் தன் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிடுவார். அன்று எங்களுக்காகத் தடுப்பை ஓரம் தள்ளி, பிள்ளைகளை வேப்பமர நிழலில் இருத்தியிருந்தார்கள். அங்கிருந்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு தாய் எழுந்தார். "சேர், கூடுதலாக ஒரு பிரிவு தொடங்கலாமே?" பிரிவு தொடங்க வகுப்பறை வேண்டும் என்றார் அதிகாரி. அப்படியென்றால் கட்டித் தாருங்கள் என்றோம். கட்டடம் கேட்பதற்கு மாணவர் தொகையைக் காட்ட வேண்டும் என்றார். பிள்ளைகளைச் சேர்த்தால்தானே தொகை கூடும் என்றோம். சேர்ப்பதற்கு வகுப்பறை இல்லையே என்றார். சரி, ஆசிரியராவது கூடுதலாகக் கிடைப்பாரா என்று கேட்டார் இன்னொருவர். ஆளணியும் மாணவர் தொகையைப் பார்த்துத்தான் என்று பதில் வந்தது. முதலில் எழுந்த தாய் மீண்டும் எழுந்து, "அப்போது பிரிவு?" என்றார். பிரிவு தொடங்க வகுப்பறை வேண்டும் என்றார் அதிகாரி, அதே குரலில், முதல்முறை சொல்வது போல. அவருக்குக் கொடுத்த பால் தேநீர் அதற்குள் ஆடை கட்டிவிட்டது.

ஒரு தகப்பன் யன்னலைக் காட்டி, "அந்தத் தூண்கள் எதற்கு?" என்று கேட்டார். மாடிக் கட்டடத்துக்கு எழுப்பியவை. 2022 பொருளாதார நெருக்கடியில் நின்ற வேலை அப்படியே நிற்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. எட்டும் கம்பிகளில் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல்களைத் தொங்கவிடுகிறார்கள். நிதி வந்தால் தொடரும் என்றார் அதிகாரி. எப்போது வரும் என்பதற்குப் பதில் இல்லை. மாகாணப் பாடசாலை, மாகாணத்திடம் கேளுங்கள் என்றார். மாகாணத்தில் யாரிடம் கேட்பது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு வருடக்கணக்காகத் தேர்தலே இல்லை. நாங்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவரைக் கூட்டிவந்து இந்தத் தூண்களைக் காட்ட வழியில்லை.

கடைசியில் புள்ளிவிபரம் பழையது என்றார். 2012க்குப் பிறகு 2024இல்தான் அடுத்த குடிசனக் கணக்கெடுப்பு நடந்தது என்பது உண்மை. ஆனால் குடும்பநல உத்தியோகத்தரின் புத்தகம் பழையதா? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒவ்வொரு வருடமும் தன் பிரிவில் பிறந்த பிள்ளைகளின் தொகையை வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பட்டும். ஐந்து வருட அவகாசம் கையில் இருக்கும். அதற்குள் ஒரு மாடிக் கட்டடம் எழும்பாதா?

இங்கே மாடி கட்டுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலும். நடுவில் உள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் சனமெல்லாம். சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று சொல்லி, குடும்பங்களைத் திராய்மடு போன்ற இடங்களுக்கு நகர்த்தினார்கள். அன்று சனம் எங்கே போகிறது என்று எல்லா அலுவலகங்களுக்கும் தெரிந்திருந்தது. இன்று மட்டும் தெரியவில்லையா?

"வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பாடசாலைகளில் இடமிருக்கிறதே" என்றும் ஒரு யோசனை வந்தது. அங்கே கதிரை இருக்கிறது, படிப்பிக்க ஆளில்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததற்காக, ஐந்து வயதுப் பிள்ளையைத் தினமும் வாவி கடந்து அனுப்பச் சொல்வதா? "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று 2016இல் திட்டம் தொடங்கியதும் அரசாங்கம்தானே!

தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையில் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படித்தால் 15. வாக்காளர் இடாப்பைக் கொண்டு வா, காணி உறுதியைக் கொண்டு வா, மின்பட்டியலைக் கொண்டு வா. இருக்கிற கதிரைகளைப் பங்கிடுவதற்கு இத்தனை விதிகள். கதிரையைக் கூட்டுவது யார் பொறுப்பு என்று கேட்டால் கூட்டம் கலைகிறது.

கலைந்துவிட்டது. வெளியே வந்தால் அங்கேயும் இதே கதைதான். பிரதான வீதியில் பாடசாலை விட்ட பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். ஒரு பஸ் வந்தது, வேகத்தைக் குறைத்தது, நிற்பவர்கள் சீசன் டிக்கெட் பிள்ளைகள் என்று தெரிந்ததும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தச் சாரதிக்கும் நடத்துநருக்கும் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? சீசனுக்கு மாதம் தவறாமல் காசு கட்டுகிறோமே, அது காசில்லையா?