‘கிதாபைப் பார்த்துச் சொல்றேன்’ என்றால் தோற்றுவிட்டார் என்று அர்த்தமா?

நம் பள்ளிவாசல் ஆலிம்சாவை, மார்க்கம் படித்த நம் இமாமை, மட்டம் தட்டும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு எங்கள் குடும்பக் குழுவிலேயே, என் சொந்த மச்சானே அதைப் போட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பார்த்தவர்களுக்குத் தெரியும். சுபுஹ் என்ற அதிகாலைத் தொழுகை முடிந்து ஆலிம்சா தஸ்பீஹ் என்ற இறைத்துதியைக்கூட ஓதி முடிக்கவில்லை, ஒரு தம்பி போனை நீட்டிக்கொண்டு எழுந்து, “குனூத் ஹதீஸ் பலவீனம்னு தெரியுமா?” என்கிறார். சுபுஹில் நின்றபடி ஓதும் துஆதான் குனூத்; அதற்கு ஆதாரமான நபிமொழி அறிவிப்பு (ஹதீஸ்) நம்பகமானதில்லை என்கிறார் அவர். “கிதாபைப் பார்த்து விவரமாச் சொல்றேன், அஸருக்கு அப்புறம் வாங்க தம்பி” என்கிறார் ஆலிம்சா. அதோடு வெட்டி, ‘பதில் தெரியாமல் திணறிய ஹஜ்ரத்’ என்று தலைப்பு. இதில் திணறல் எங்கே இருக்கிறது? அன்று அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு அவர் கிதாபோடு, மார்க்க நூலோடு, உட்கார்ந்திருந்தார். கேட்டவர்தான் வரவில்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

படித்தவர்தான் பார்த்துச் சொல்கிறேன் என்பார். இமாம் மாலிக்கிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்குத் தெரியாது என்றே சொன்னதாக அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மதீனாவின் இமாமுக்கே அது இழுக்கு இல்லை.

சரி, குனூத் விஷயம் ஒரு நிமிடத்தில் தீருமா? நபி (ஸல்) அவர்கள் ஒரு மாதம் சில கோத்திரங்களைச் சபித்துக் குனூத் ஓதி, பிறகு விட்டார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிப்பது ஸஹீஹான, அதாவது ஆதாரப்பூர்வமான, நூல்களில் உள்ளது. உலகைப் பிரியும்வரை சுபுஹில் ஓதினார்கள் என்றும் அதே அனஸ் (ரலி) பெயரில் வருகிறது. இந்த இரண்டாவதன் அறிவிப்பாளர் தொடரிலுள்ள அபூ ஜஃபர் அர்ராஸீ நம்பகமானவரா என்பதில்தான் சர்ச்சை. விட்டது சபித்ததை மட்டுமே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) தரப்பு, ஹனஃபி மத்ஹபினர் அதை ஏற்பதில்லை. ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவீ 13-ஆம் நூற்றாண்டிலேயே அலசிய விஷயம் இது. அந்தத் தம்பி புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

“அப்போ கேள்வியே கேட்கக் கூடாதா?” என்று வருவீர்கள். அறியாவிட்டால் அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்று குர்ஆனே சொல்கிறது (16:43). தாராளமாகக் கேளுங்கள். பதிலைக் கேட்க உட்காராதவர் கேட்டது கேள்வியே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாப்பாவின் மாமி பிள்ளையில்லாமல் மௌத்தானார்கள் (இறந்தார்கள்). தாய் தகப்பனும் முன்பே போய்விட்டார்கள். சொத்து முழுக்க மாமாவுக்குத்தான் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அப்போதிருந்த ஆலிம்சாவிடம் வாப்பா கேட்டபோது அவரும் பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னார். இரண்டு நாள் கழித்து இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு துணியில் சுற்றிய கிதாபோடு வீட்டுக்கு வந்தார். பக்க ஓரமெல்லாம் அரபுத்தமிழில், அரபு எழுத்தில் எழுதும் தமிழில், பென்சில் குறிப்புகள். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டே, “மௌத்தானவங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இருக்காங்களா?” என்றார். கொழும்பில் ஒரே ஒரு ராத்தா (அக்கா), கணவரை இழந்தவர், இருந்தார். யாருக்கும் நினைவே இல்லை. கணவருக்குப் பாதி, சகோதரிக்குப் பாதி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் அவசரப்பட்டிருந்தால் அந்த விதவையின் ஹக்கு, அவருடைய உரிமை, போயிருக்கும்.

“ஆலிம்களிலும் தாயத்து விற்கிறவர்கள் உண்டே” என்பவர்களுக்கு: உண்டு. அதற்கும் நம் ஆலிம்சாவுக்கும் என்ன சம்பந்தம்? அதை இங்கே இழுக்காதீர்கள்.

மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அடங்கியிருக்கும் கீழக்கரை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், சாதாரணப் பெண்களும் படித்து விளங்கும்படி மார்க்கச் சட்டத்தை அரபுத்தமிழில் எழுதியவர், இந்தக் கரைக்காரர்தான். இன்று நம்மில் எத்தனை பேர் பிள்ளையை ஏழு வருஷம் ஓத அனுப்புகிறோம்? துபாய்க்கு அனுப்புவோம், இன்ஜினியரிங்குக்கு அனுப்புவோம். யார் வீட்டுப் பிள்ளையோ ஓதி வந்து நமக்குத் தொழவைக்க வேண்டும், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு நடுராத்திரி எழுந்து வர வேண்டும். சம்பளம் கூட்டிக் கேட்டால் மட்டும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்போம். இந்த வீடியோவைப் பார்த்த பிறகு எந்த உம்மா தன் மகனை மதரஸாவில் சேர்ப்பாள்? என் தங்கை சேர்க்க இருந்தாள். இப்போது யோசிக்கிறாள். எனக்கு வலிப்பது அதுதான்.

மச்சான், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதைக் குழுவிலிருந்து எடுங்கள். அந்தத் தம்பியும் எடுத்துவிட்டு, கேமரா இல்லாமல் வந்து ஆலிம்சா முன்னால் உட்காரட்டும். நிர்வாகம் வருகிற கூட்டத்தில் அவருடைய சம்பளத்தை முதல் விஷயமாக எடுக்க வேண்டும். நானும் வருவேன், அங்கேயும் இதைத்தான் பேசுவேன்.