சதுரத் திரை என்றால் பழைய வீடியோவா?
"சேலம் பசங்க ஸ்கேட்போர்டிங் வீடியோ 90-களின் அமெரிக்க கேசட்டிலிருந்து சுட்டது, திரை சதுரமாக, மங்கலாக இருக்கே" என்று கமெண்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். அது சாட்சியே இல்லை. 1995-இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவை, சொந்தக் காசில் ஸ்கேட் வீடியோ எடுப்பவர்கள் இன்றும் தேடிப் பிடிக்கிறார்கள். டேப்பில் பதிவாகும், 4:3 திரை, அதாவது கிட்டத்தட்ட சதுரம். மேலே கைப்பிடி இருப்பதால் தரையை ஒட்டிப் பிடித்தபடி, எடுப்பவரும் பலகையில் கூடவே உருண்டு போகலாம். காட்சியை அகலமாக வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸோடு நெருங்கினால் சின்னப் படிக்கட்டும் மலைப்பாகத் தெரியும். அந்தப் பித்தலாட்டத்தைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்வேன்.

"ஸ்கேட் பார்க் இல்லாமல் ஏது ஸ்கேட்டர்?" என்பதும் சரியில்லை. தெருவிலேயே ஆடும் ஸ்ட்ரீட் ஸ்கேட்டிங்குக்குப் படிக்கட்டும் திண்டும் போதும். அப்புறம், பின்னால் தமிழ்க் கடைப் பலகைகள், அதற்கும் மேலே நம்ம சேலத்துச் சேர்வராயன் மலை. அமெரிக்காவில் எந்த ஊராம் அது?