கேட்டது சலுகையன்று, உரிமை

சென்ற ஆண்டு 649 பவுண்டு கொடுத்து வாங்கிய பிரிட்ஜ் ஐந்தாம் மாதமே குளிர்விப்பதை நிறுத்திவிட்டது. கடைக்காரர் ஆளனுப்பிப் பழுதுபார்த்துக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் மீண்டும் அதே கோளாறு. இம்முறை கடையை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது கதவு பூட்டியிருந்தது, நிறுவனம் திவாலாகிவிட்டதாக ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தது.

பணம் கட்டியது கடன் அட்டையில் என்பதால் வங்கியை அழைத்தேன். பொருளை வாங்கி 120 நாட்கள் கடந்துவிட்டதால் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்று, மிகுந்த பணிவோடு சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று, ஆனால் அது நான் கேட்டதற்கான பதிலுமன்று. அவர்கள் சொன்னது 'சார்ஜ்பேக்' பற்றி. அது, அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவதற்காக விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் தம் அட்டைகளுக்காக வகுத்துக்கொண்ட விதி. பொதுவாக அதற்குத்தான் 120 நாள் வரம்பு உண்டு. நான் கேட்டது பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நுகர்வோர் கடன் சட்டம், 75ஆவது பிரிவின்கீழ் எனக்குச் சேர வேண்டியதை. விற்றவர் ஒப்பந்தத்தை மீறினாலோ பொய் சொல்லி விற்றிருந்தாலோ, அவரோடு கடன் கொடுத்தவரும், அதாவது அட்டை வழங்கிய வங்கியும், சமமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வாறு கோருவதற்கு ஆறு ஆண்டுகள் வரையும், ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டுகள் வரையும் அவகாசம் உண்டு. தொலைபேசியில் பேசுபவர் சார்ஜ்பேக்கையும் 75ஆவது பிரிவையும் குழப்பிக்கொள்வது அறியாமையா, பயிற்சியா என்று எனக்கு இன்றும் ஐயம்தான்.

ஆகவே பேசுவதை விட்டுவிட்டு எழுதினேன். முதல் வரியிலேயே பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டேன். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறைபாடு பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்பதையும், ஒருமுறை பழுதுபார்த்தும் சரியாகாத பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம் என்பதையும் அடுத்துச் சேர்த்தேன். கெட்டுப்போன மீனுக்கும் இறைச்சிக்கும் ஒரு வாளி இட்லி மாவுக்குமாக 43 பவுண்டும் கேட்டிருந்தேன். மாவுக்குக் கணக்கு எழுதியபோது மனைவி சிரித்தார். ஆனால் குறைபாட்டின் விளைவாக நேர்ந்த இழப்பையும் விற்றவரிடம் கேட்க முடியுமென்றால் வங்கியிடமும் கேட்கலாம்.

இந்தப் பிரிவுக்குச் சில நுணுக்கங்களும் உண்டு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பில்லின் மொத்தத் தொகையைப் பார்க்க மாட்டார்கள், ஒவ்வொரு பொருளின் விலையையும்தான் பார்ப்பார்கள். 60 பவுண்டு மிக்சியும் 70 பவுண்டு குக்கரும் சேர்ந்து 130 ஆனாலும் பயனில்லை. மறுபுறம், 649 பவுண்டுப் பொருளுக்கு முன்பணமாக 50 பவுண்டை மட்டும் அட்டையில் கட்டி, மீதியை ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் வங்கி முழுத் தொகைக்கும் பொறுப்பு. கணவர் பெயரிலுள்ள கணக்கின் கூடுதல் அட்டையால் மனைவி தமக்கென்று ஒன்று வாங்கினால் சிக்கல் எழக்கூடும். இணையத்தில் வேறொருவர் பணத்தைப் பெற்று விற்பனையாளருக்குக் கைமாற்றிவிடும் வகையில் வாங்கினாலும் அப்படியே.

என்னை உறுத்துவது வேறொன்று. 'கடன் அன்பை முறிக்கும்' என்று கடைச் சுவரில் எழுதிவைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். என் மாமனார் நாற்பது ஆண்டுகளாக இலண்டனில் வாழ்கிறார். கடன் அட்டையைக் கையால் தொட்டதில்லை, சோபாவானாலும் சலவை இயந்திரமானாலும் சேமித்த பணத்தில் டெபிட் கார்டால்தான் வாங்குவார். அவருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சார்ஜ்பேக்கை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். கடன் கொடுப்பவரும் அந்த விற்பனையால் ஆதாயம் அடைகிறார், ஆகவே பொறுப்பையும் பகிரட்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்டி ஒரு காசு வட்டி கொடுக்காத எனக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, கடனே வாங்காத அவருக்குக் கிடைக்காதது எனக்கு ஒப்பவில்லை. அடுத்த முறை பெரிய பொருள் வாங்கும்போது கடன் அட்டையில் கட்டி, மறுநாளே கணக்கைத் தீர்த்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறார்.

வங்கி முதலில் மறுத்தது. முறைப்படி புகார் கொடுத்து, எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் பினான்சியல் ஒம்பட்ஸ்மனிடம் செல்வேன் என்று எழுதினேன்; அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆறாம் வாரத்தில் 692 பவுண்டும் கணக்குக்கு வந்தது. கூடவே வந்த கடிதத்தில், 'நல்லெண்ண அடிப்படையில்' இத்தொகை வழங்கப்படுவதாக எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்றொடரை நீக்கி, 75ஆவது பிரிவின்கீழ் என்று திருத்திய கடிதம் ஒன்றை அனுப்புமாறு கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.