கட்டைவிரல் உடைந்த பொம்மையும் ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லும்

சென்ற மாதம், மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோ படைவீரர் பொம்மை ஒன்றை இணையச் சந்தை ஒன்றில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் ‘கம்ப்ளீட், ஒரிஜினல்’ என்ற இரண்டே சொற்கள் இருந்தன. படங்கள் மூன்று, மூன்றும் முன்பக்கத்தைக் காட்டின. பார்சல் தண்டையார்ப்பேட்டையில் உள்ள என் வீட்டுக்கு வந்த அன்றிரவு, சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் பொம்மையை நிறுத்தி, உடன் வந்த துப்பாக்கியை அதன் வலது கையில் செருகினேன். ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. கட்டைவிரல் செய்தித்தாளின் மேல் விழுந்து கிடந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தபோது, விரல் முறிந்த இடத்தில் கண்ணாடிபோலப் பசையின் ஒரு மெல்லிய பொருக்கு மின்னியது. ஒட்டியவர் கைதேர்ந்தவர், வெளியே ஒரு துளிகூட வழியவிடவில்லை.

விற்றவரிடம் கேட்டேன். “பழைய பொம்மைன்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார். சந்தைத் தளத்தில் புகார் கொடுத்தேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, ‘பயன்படுத்திய பொருள்’ என்ற பிரிவில் வாங்கியதாலும், சேதம் வாங்கியவர் கையில் நேர்ந்ததாகத் தோன்றுவதாலும் பணம் திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. ஒருவகையில் அது உண்மைதான். விரல் உடைந்தது என் கையில்தான். ஆனால் அது இரண்டாவது முறையாக உடைந்தது என்பதைக் குறிப்பிட அவர்களுடைய படிவத்தில் இடமே இல்லை.

1,800 ரூபாய்க்காக இந்தப் பதிவை எழுதவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாதி அதற்காகத்தான் எழுதுகிறேன். மறுபாதி, இந்தப் பழைய பொம்மை உதிரிப்பாக வியாபாரத்தில் நானும் பல வருடங்களாக வாங்கி விற்கிறவன் என்பதால், மனதில் கிடந்து உறுத்தும் சிலவற்றைச் சொல்வதற்காக.

இந்தப் பொம்மைகள் எங்கள் தலைமுறைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதே ஒரு வேடிக்கை. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல், நம் திருவொற்றியூரில், விளையாட்டு பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கப்பட்டது. அதே நிறுவனம் டயர் செய்து பெரிதாக வளர்ந்தபின், 1987இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்துடன் சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்ற பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியது. ஹாஸ்ப்ரோ 1982இல் அமெரிக்காவில் இறக்கிய அந்தச் சிறிய ஜி.ஐ. ஜோ வீரர்கள், பிறகு ஃபன்ஸ்கூலின் பெயரில் இங்கேயே வார்க்கப்பட்டு நம் கடைகளுக்கு வந்தார்கள். அச்சு அமெரிக்கர்களுடையது என்றாலும் நிறம் பல பொம்மைகளில் வேறாக இருந்தது. எங்களுக்கு அப்போது அது தெரியாது. அந்த நிற வேறுபாட்டுக்காகவே இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பொம்மையையும், அது கிடைக்காவிட்டால் அதன் தலையையோ முதுகுப்பையையோ மட்டுமாவது தேடுகிறார்கள். 1993இல் துறைமுகத்தில் போனஸ் வாங்கிய கையோடு அப்பா எனக்கு வாங்கித் தந்த பொம்மையின் தலைக்கவசத்தை அமெரிக்காவில் ஒருவர் இத்தனை டாலருக்குக் கேட்கிறார் என்று அப்பாவிடம் சொன்னால், அவர் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

இந்தப் பொம்மையின் உடல் அமைப்பைத் தெரிந்துகொண்டால் தகராறு எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். முதுகில் ஒரே ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் மார்பு முன்னும் பின்னுமாக இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், மேலே மார்புக்குள் உள்ள முளையிலும் கீழே இரண்டு கால்களையும் இணைக்கும் உலோகக் கொக்கியிலும் மாட்டி, உடலையும் காலையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். முப்பது வருடத்தில் அந்த ரப்பர் விறைத்து, கருகிய முறுக்கைப்போல ஒடிந்துவிடும். பொம்மை இடுப்போடு இரண்டாகிவிடும். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வீசும் உப்புக் காற்றில் திருகும் கொக்கியும் துருவேறிக் கிடக்கும் என்பது நம் பகுதிக்கே உரிய கூடுதல் சிறப்பு. முதல்முறை வளையம் மாற்ற நேர்ந்தபோது, ஒடிந்த பழைய வளையத்தின் துண்டுகளைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, பாரிமுனையில் பேரிங்கும் ஆயில் சீலும் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். “எந்த பம்புக்கு சார்?” என்று கேட்டார் கடைக்காரர். “பொம்மைக்கு” என்றேன். அவர் சிரிக்காமல், அளவு பார்த்துப் பத்து வளையங்களை ஒரு சிறிய கவரில் போட்டுக் கொடுத்தார். அந்த மரியாதைக்காகவே இன்றுவரை அவரிடம்தான் வாங்குகிறேன்.

அப்படி வளையம் மாற்றிய பொம்மையை ஒரிஜினல் என்று சொல்லலாமா? என் கருத்தில், சொல்லலாம். வாங்குகிறவர், விற்கிறவர் இருவருக்கும் அது மாறியே தீர வேண்டிய பொருள் என்று தெரியும். அதற்காக யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. ஆனாலும் ‘வளையம் புதிது’ என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. ஒட்டிய விரல், முறிந்து ஒட்டிய இடுப்பு, வேறொரு பொம்மையிலிருந்து எடுத்து மாட்டிய கை, பிற்காலத்தில் யாரோ வார்த்த துப்பாக்கி ஆகியவை வேறு கணக்கு. அவற்றுக்கு வாங்குகிறவர் தனியாகப் பணம் கொடுக்கிறார். வெறும் பொம்மைக்கு ஒரு விலையும், அதன் துப்பாக்கியும் முதுகுப்பையும் கவசமும் சேர்ந்திருந்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையும் இருக்கும் சந்தையில், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சிறு பிழை ஆகாது. அது விலையையே திருடுவது.

வண்டி உதிரிப்பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனால், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் “ஒரிஜினலா, லோக்கலா?” என்று கேட்டுவிடுவார். இரண்டுக்கும் இரண்டு விலை உண்டு. எதை வாங்கினாலும் ஏமாந்த உணர்வு வராது. அங்கே லோக்கல் விற்பதில் வெட்கமில்லை என்பதால் அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. பொம்மை சேகரிக்கிற நாங்களோ ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லையே தீட்டுப்போல நடத்துகிறோம். விளைவு, ஒழுங்காக அந்தப் பெயரிலேயே விற்றிருக்க வேண்டிய நகல் பாகங்கள் எல்லாம் ஒரிஜினல் வேடம் போட்டுக்கொண்டு சந்தைக்கு வருகின்றன. என் மகன் விளையாட ஒரு பொம்மை வேண்டுமென்றால் நகல் துப்பாக்கியே போதும். நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய்ப் பொருளாக அதை மகிழ்ச்சியோடு வாங்குவேன்.

நகலைக் கண்டுபிடிக்க வழிகள் இல்லாமல் இல்லை. ஒரிஜினல் பாகத்தை வைத்து அச்செடுத்து ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்தால், நகல் ஒரு மயிரிழை சிறுத்துப்போகும்; விளிம்புகளின் கூர்மை மழுங்கும். முப்பரிமாண அச்சில் எடுத்ததைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் படிப்படியான கோடுகள் தெரியும். கென்னர் நிறுவனம் 1978 முதல் விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகளின் துப்பாக்கிகளைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் அசல், முழுகினால் போலி என்று சொல்லும் ஒரு சோதனைகூட இருக்கிறது. மிதக்கும் போலிகளும் வந்துவிட்டதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாமே பொருள் கைக்கு வந்தபின் செய்பவை. பணம் போனபின் கிடைக்கும் அறிவு. மூன்று படங்களையும் இரண்டு சொற்களையும் பார்த்து வாங்குகிறவருக்கு இவற்றால் என்ன பயன்?

லெகோ என்ற பிளாஸ்டிக் அடுக்குக் கட்டைகளைச் சேகரிப்பவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய கட்டைகளின் ஒவ்வொரு குமிழிலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும்; பெரும்பாலான பாகங்களின் உட்புறம் பாக எண்ணும் இருக்கும். இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள கட்டை என்றால் உலகம் முழுவதும் அதன் எண் 3001. பிரிக்லிங்க் என்ற சந்தைத் தளம் 2000ஆம் ஆண்டு ஒரு ரசிகரால் தொடங்கப்பட்டு, அந்த எண்களையும் நிறங்களையும் அட்டவணையாக்கி வளர்ந்து, 2019இல் லெகோ நிறுவனமே விலைகொடுத்து வாங்கும் நிலைக்கு வந்தது. பாகத்துக்குப் பெயரும் எண்ணும் உள்ள இடத்தில் பொய் சொல்வது கடினம். எங்கள் துப்பாக்கிகளுக்கு எண் கிடையாது. விற்பவரின் வாய்மொழிதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

இப்படிப் பேசுகிற நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன், வியாசர்பாடியில் ஒரு காயலாங்கடையில் கிலோ கணக்கில் எடை போட்ட பிளாஸ்டிக் மூட்டையைக் கிளறி, தலையில்லாத உடல் மூன்று, கால்கள் ஐந்து, ஒரு முதுகுப்பை, ஒரு கவசம் ஆகியவற்றைப் பொறுக்கி வந்தேன். அவற்றில் ஒன்றைச் சரிசெய்து, என்னிடமிருந்த தலையைப் பொருத்தி, கவசத்தையும் மாட்டி, ‘முழு செட்’ என்று விற்றேன். ஒரு வாரத்தில் பெரம்பூரிலிருந்து ஓர் இளைஞர் பேசினார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்த ஹெல்மெட் இந்த ஆளோடது இல்ல. வேற ஆளோடது” என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு அது தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் தெரியாது என்றுதானே எழுதியிருக்க வேண்டும்? தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்; கவசத்தை அவரே வைத்துக்கொண்டார். பொம்மையைப் பிரித்து உதிரியாக விற்கிறவர்களைப் பாவிகள் என்று திட்டும் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் கிடையாது. யாராவது பிரித்தால்தான் இன்னொருவரின் பொம்மை முழுமையாகும். பல உடல்களிலிருந்து ஒன்றைக் கோத்துவிட்டுப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று சொல்வதில்தான் கோளாறு.

இந்த அரைகுறைப் பேச்சு விற்பனை விளக்கத்தோடு நிற்பதில்லை, பார்சலின் மேல் எழுதுவதிலும் தொடர்கிறது. நான் லிங்கிச் செட்டித் தெருவில் சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால், வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைக்கும் நண்பர்கள் அடிக்கடி யோசனை கேட்பார்கள். “கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லட்டுமா?” என்பதுதான் முதல் கேள்வி. ஐயாயிரம் ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. பொம்மைப் பாகங்களும் அதில் அடங்கும். வரி அதிகம் என்ற ஆத்திரம் எனக்கும் உண்டு. ஆனால் ‘பிளாஸ்டிக் சாம்பிள், இரண்டு டாலர்’ என்று எழுதிய பார்சல் தொலைந்துபோனால் இழப்பீடாகவும் இரண்டு டாலரைத்தான் கேட்க முடியும். ஏற்றுமதிப் பக்கமும் லேசில்லை. 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா நீக்கியதால், 2025 ஆகஸ்ட் 25 முதல் நம் அஞ்சல்துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான தபால்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஏழு வாரமும் என் இரண்டு முதுகுப்பைகள் முகவரி எழுதிய கவரோடு அலமாரியில் தூங்கின. ராஜாஜி சாலைத் தலைமை அஞ்சலகத்துக்கு மூன்று முறை நடந்ததுதான் மிச்சம்.

சந்தைத் தளங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. விற்பவர் நிரப்பும் படிவத்தில் ‘புதியது’, ‘பயன்படுத்தியது’ என்ற இரண்டு கட்டங்களோடு, ‘எந்தப் பாகம் மாற்றப்பட்டது’, ‘எது ஒட்டப்பட்டது’, ‘எது நகல்’ என்ற மூன்றையும் கட்டாயமாக்கினால் போதும். ‘தெரியாது’ என்றும் ஒரு விடை இருக்கட்டும். முதுகுப்பக்கத்துப் படம் இல்லாமல் விளம்பரமே ஏறக் கூடாது. கட்டத்தில் ஒருவர் எழுதிவிட்டால் நாளை புகார் வரும்போது தளமும் நழுவ முடியாது. அதனால்தான் கட்டம் வைக்கத் தயங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஆனால் தளத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. எங்கள் பகுதியில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன், வீட்டிலேயே சிறிய முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்து முதுகுப்பைகள் செய்கிறான். நகல் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் உட்புறமும் ஒரு சிறு புள்ளி வைக்கிறான். நான் கேட்டுக்கொண்டதால் தொடங்கிய பழக்கம் அது. போன வாரம் வந்து கைபேசியைக் காட்டினான். புள்ளி இல்லாமல் இருபது வேண்டும், இரட்டிப்பு விலை தருகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். “என்ன சார் செய்யட்டும்?” என்றான். செய்யாதே என்றேன். “அந்தக் காச நீங்க தருவீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் என்ன பதில் அனுப்பினான் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

விரல் உடைந்த அந்தப் பொம்மையை, மூன்று வாரங்களுக்கு முன் நானே விற்பனைக்குப் போட்டேன். விளக்கத்தில் எழுதியது இதுதான்: ‘வலது கட்டைவிரல் இருமுறை உடைந்தது, தனியாகக் கவரில் தரப்படும். இடுப்பு வளையம் புதிது. முதுகுத் திருகில் கடற்காற்றுத் துரு. துப்பாக்கி அசலா நகலா என்று எனக்குத் தெரியாது. படங்கள் ஒன்பது. விலை 700.’ இதுவரை பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு இரண்டு வரிசை கீழே, அதே பொம்மை, ஒரே ஒரு படத்தோடு, ‘கம்ப்ளீட், ஒரிஜினல்’ என்று 2,000 ரூபாய்க்குப் போடப்பட்டிருந்தது. இரண்டாம் நாளே விற்றுவிட்டது.