கடலை வரைந்த பெண்களை எதற்காக விட்டீர்கள்?

அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோடைக் கடலை வரையப் பழகுகிறவர்கள் பார்த்தே ஆகவேண்டிய பத்து மேதைகள். டர்னர், ஐவசோவ்ஸ்கி, மொனே, சொரோயா என்று போகிறது. பத்துப் பேரும் ஆண்கள். அதைக்கூட விட்டிருப்பேன். "ஒரு பெண்கூட இல்லையா?" என்று கேட்டவருக்கு அங்கே கிடைத்த பதில்தான் மனசை விட்டுப் போகவில்லை: "பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பூவும் குழந்தையும் வரைந்தார்கள். கடலுக்கு வேறு மாதிரி ஆள் வேண்டும்."

அந்தப் பத்துப் பேர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொரோயாவின் வெயிலை யார் மறுக்க முடியும்? பெண்களுக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை. கடலை வரையத் தேவையான கைவேலைப் பாடம் இந்தப் பெண்களின் ஓவியங்களில் இருக்கிறது. அதை மறைத்தால் நஷ்டம் பழகுகிறவர்களுக்கு. அவ்வளவுதான் நான் சொல்வது.

வீட்டுக்குள் உட்கார்ந்து என்றார்களே, அதிலிருந்தே வருகிறேன். 1875 கோடையில் பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிஸோ இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தார். கணவர் யூஜீன் மனே ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பதை அங்கே வரைந்தார். ஆமாம், வீட்டுக்குள்ளிருந்துதான். ஜன்னல் சட்டம், திரை, செடிகள், வேலி, அதற்கப்பால் படகுகள். தண்ணீர் கீற்றுக் கீற்றாகத்தான் தெரிகிறது, ஆனால் வெளியே அடிக்கும் வெயில் முழுவதும் அந்தக் கீற்றுகளில் இருக்கிறது. அதே பயணத்தில் படகிலேறி வரையவும் போனார். எல்லாம் ஆடுகிறது, வெயிலும் காற்றும் படுத்துகிறது, படகுகள் நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறுகின்றன என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டார். வெளியில் நின்று கடலை வரைந்த யாருக்கும் இந்த அலுப்பு புரியும்.

நிழலுக்குள்ளிருந்து வெயிலை வரைவது குறையே இல்லை. வெளியில் நிற்கிறவர்கள் குடை பிடிப்பதே அந்த நிழலுக்காகத்தான். கேன்வாஸ் மேல் நேர் வெயில் விழுந்தால் ஒவ்வொரு நிறமும் இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரியும். கை தானாகவே அடர்த்தியாகக் கலக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். அதனால் கேன்வாஸ், நிறம் கலக்கும் பேலட் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். குடை வெள்ளையோ சாம்பலோ இருக்கட்டும். சிவப்போ நீலமோ என்றால் அதன் சாயை கேன்வாஸில் விழுந்து கண்ணை ஏமாற்றும். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரின் பிரதிபலிப்பைத்தான் அது வெட்டும், நாம் வரைய வந்ததோ அந்தப் பிரதிபலிப்பைத்தான். வெள்ளைக் கேன்வாஸ் கண் கூசும் என்பதால் பெர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை மெல்லிசாகப் பூசி, முன்கூட்டியே காயவிட்டு எடுத்துப் போங்கள். தூரிகைத் தடங்களுக்கு நடுவே அது எட்டிப் பார்க்கிற இடத்தில் நீலம் உயிர்பெறும். நிழல்கள் இரண்டு மணி நேரத்தில் இடம் மாறிவிடும், ஆகவே முதலில் நிழல் வடிவங்களை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து கிளாரிஸ் பெக்கெட். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் அருகே போமாரிஸ் கடற்கரையில் வாழ்ந்த ஓவியர். நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டதால் விடியலும் அந்தியும்தான் அவருக்குக் கிடைத்த நேரம். சாமான்களைச் சிறு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வரைந்தார். நிறத்துக்கு முன் டோன், அதாவது எது வெளிச்சம் எது அடர்த்தி என்ற அளவு, என்பது அவர் கற்ற முறை. கடலுக்கு இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரியாது. காற்றடிக்கும் தெளிவான பகலில் கடல் தொடுவானத்தருகே வானத்தைவிட அடர்த்தியாக இருக்கும், ஏனென்றால் அலைகளின் சாய்ந்த முகங்கள் வானத்தின் உச்சிப் பக்கத்து நீலத்தைக் காட்டுகின்றன. காற்றில்லாத காலையில் கடல் தொடுவானத்தின் வெளிறலையே திருப்பிக் காட்டும், கோடு கரைந்துவிடும். பெக்கெட் அந்தக் கரைதலை வரைந்தார். பழகுகிறவர்களோ இரண்டு நாளிலும் ஒரே அடர்நீலக் கோட்டை ஸ்கேல் வைத்தது போல் இழுக்கிறார்கள். பட்டியலில் அவர் இருந்திருந்தால் ஒரு ஓவியத்திலேயே இது புரிந்திருக்கும்.

நுரையையும் சொல்லிவிடுகிறேன், அதிகம் கெடுவது அங்கேதான். நுரை முழுக்க வெள்ளை இல்லை. நிழல் பக்கத்துக்கு டைட்டானியம் ஒயிட்டில் அல்ட்ராமரைன் நீலமும் துளி அலிஸரின் சிவப்பும் கலந்த சாம்பல் ஊதா. தூய வெள்ளை, வெயில் நேரே விழும் நாலைந்து இடத்துக்கு மட்டும், அதுவும் கடைசியில். உடையப்போகும் அலையின் முகட்டுக்குச் சற்றுக் கீழே தெரியும் ஒளி ஊடுருவும் பச்சைக்கு விரிடியன் பச்சையும் லெமன் யெல்லோவும். அதைவிட வீரியமான தேலோ கிரீன் என்றால் ஊசிமுனை அளவு போதும், கூடினால் படம் முழுவதையும் விழுங்கிவிடும். வாட்டர்கலரில் மினுமினுப்புக்கு சொரசொரப்பான ரஃப் காகிதத்தில் உலர்ந்த பிரஷ்ஷைப் படுக்கையாக இழுங்கள். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் பூசிய தாளை வெயிலில் விடாதீர்கள், ஒட்டிக்கொண்டு காகிதத்தோடு கிழிந்து வரும்.

ஆங்கில ஓவியர் லாரா நைட் 1909இல் இங்கிலாந்தின் நியூலினில் வரைந்த கடற்கரையைப் பாருங்கள். தண்ணீரில் இறங்கி விளையாடும் குழந்தைகள். "குழந்தைதானே வரைந்தார்கள்" என்கிறவர்கள் அந்த வெயிலை ஒருமுறை தாங்களே கலந்து பார்க்கட்டும். மாணவியாக இருந்தபோது நிர்வாண மாடலை வரையும் வகுப்பில் பெண் என்பதால் அவருக்கு இடமில்லை, சுதைச் சிலைகளைப் பார்த்துத்தான் மனித உடலைப் பழகினார். 1936இல் பிரிட்டனின் ஓவியர் சங்கமான ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராக்கியது. 1768இல் அதைத் தொடங்கியவர்களில் இருந்த இரண்டு பெண்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்.

"வேறு மாதிரி ஆள்" என்றார்களே. ஜோன் எர்ட்லி ஸ்காட்லாந்தின் கேட்டர்லைனில் புயலுக்கு நடுவே நின்று, ஹார்ட்போர்ட் பலகையில் பெரிய பெரிய கடல்களை வரைந்தார். அவருடைய 1961ஆம் ஆண்டு அலை ஓவியத்தில் பெயின்டோடு மணற்பருக்கைகளும் சேர்ந்திருக்கின்றன. கோடைக் கடல் இல்லைதான், ஆனால் துணிச்சலைப் பற்றிப் பேச்சை எடுத்தது நான் இல்லை. (உங்கள் படத்தில் மணல் ஒட்டினால் ஈரத்தில் நோண்டாதீர்கள். காய்ந்தபின் தட்டினால் போய்விடும்.)

"கலையில் ஆண் பெண் எதற்கு?" என்று கேட்பீர்கள். பத்துப் பெயரிலும் ஆண்களையே போட்டுவிட்டு இதை என்னிடம் கேட்பது நியாயமில்லை. பாரிஸின் பெரிய ஓவியப் பள்ளியான எக்கோல் தே போசார் 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. பிரித்து வைத்தது நாங்கள் இல்லை.

"தரம் இருந்தால் பெயர் தானாக நிலைக்கும்" என்று இன்னொருவர். அவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெக்கெட் 1935இல் புயல் நேரத்தில் கடலை வரைந்து, நிமோனியா கண்டு, 48 வயதில் இறந்தார். அவருடைய படங்கள் சுமார் 2,000 ஒரு திறந்த கொட்டகையில் கிடந்தன. 1970 வாக்கில் ஒருவர் தேடிப் போய்ப் பார்த்தபோது மழையிலும் விலங்குகளாலும் பெரும்பகுதி மீட்க முடியாதபடி கெட்டிருந்தது. அழிந்த படங்களில் தரம் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? மீந்தவை இன்று ஆஸ்திரேலியாவின் பெரிய கலைக்கூடங்களில் தொங்குகின்றன. ஒருவர் தேடிப் போனதால் தொங்குகின்றன. தானாக எதுவும் நடக்கவில்லை.